அர்பத்நாட்: ஓர் ஊர்ப்பெயரின் எண்ணூறு ஆண்டுகள்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியில், ஆபர்டீன் நகருக்குத் தெற்கே, பெர்வி என்ற சிற்றாறு கடலில் கலப்பதற்குச் சில மைல் முன்னால் அர்பத்நாட் என்ற சிற்றூர் இருக்கிறது. மேர்ன்ஸ் என்று வழங்கும் செம்மண் வட்டாரத்தைச் சேர்ந்தது அது. அர்பத்நாட் என்ற குடும்பப் பெயர் உலகில் எங்கே காணப்பட்டாலும் அதன் வேர் இந்த ஒரே ஊரில்தான் இருக்கிறது. ஸ்மித் போன்ற பெயர்கள் தொழிலை ஒட்டிப் பல நூறு ஊர்களில் தனித்தனியே முளைத்தவை. ஒரு ஸ்மித்துக்கும் இன்னொரு ஸ்மித்துக்கும் உறவு இருக்க வேண்டியதில்லை. அர்பத்நாட் அப்படிப்பட்ட பெயரல்ல. அதைத் தாங்கியவர்கள் அந்த ஊரை ஆண்ட நிலக்கிழார் குடும்பத்தின் கிளைகளாக இருப்பார்கள், அல்லது அந்த ஊரிலிருந்து பிழைப்புத் தேடி வெளியேறியவர்களின் வழிவந்தவர்களாக இருப்பார்கள். பெயர் அரிதாக இருப்பதால் அதன் தடத்தை 800 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் காண முடிகிறது. அந்தத் தடம் சென்னைக் கடற்கரைச் சாலை வழியாகவும் செல்கிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்விண்டன் குடும்பத்தைச் சேர்ந்த ஹியூ என்பவருக்கு இந்த நிலம் வந்து சேர்ந்தது. நிலத்தின் பெயரையே குடும்பம் தன் பெயராக்கிக்கொண்டது. அப்பெயர் தெளிவாகப் பதிவாகும் முதல் ஆவணங்களில் ஒன்று 1206ஆம் ஆண்டின் வழக்குத் தீர்ப்பு. பெர்த் நகரில் கூடிய திருச்சபை மன்றத்தின் முன் அர்பத்நாட் டங்கன் நின்றார். ஊர்க் கோயிலுக்குரிய நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களை அவர் வெளியேற்றிவிட்டார் என்பது செயின்ட் ஆண்ட்ரூஸ் பிஷப்பின் புகார். வயதான சாட்சிகள் வந்து, அந்த நிலத்தில் யார் யார் இருந்தார்கள், முந்தைய கிழார்கள் என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தீர்ப்பு பிஷப்பின் பக்கம் போனது. குடும்பம் தோற்ற அந்த வழக்கினால்தான் ஸ்காட்லாந்தின் குடியானவர் வாழ்க்கை பற்றிய மிகப் பழைய சாட்சியங்களுள் ஒன்று வரலாற்றாசிரியர்களுக்குக் கிடைத்திருக்கிறது. கோயில் சட்டத்தில் குடிவார உரிமைக்காக நடந்த இந்த மோதல், கோயில் நிலமும் குத்தகையும் இன்னும் வழக்காடு மன்றங்களை விட்டு நீங்காத தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதாகத் தோன்றாது.

அடுத்து வருவது ஒரு கொலை. 1420ஐ ஒட்டிய காலத்தில் மேர்ன்ஸ் வட்டாரத்தின் ஷெரீப்பாக இருந்தவர் ஜான் மெல்வில். கெடுபிடி மிகுந்தவர் என்று அக்கம்பக்கத்துக் கிழார்கள் மேலிடத்தில் ஓயாமல் முறையிட்டார்கள். அவர்களது புகாரால் சலித்துப்போன ஆட்சியாளர், அவனை வேகவைத்துச் சாறாகக் குடித்தாலும் தனக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சொல்லை அனுமதியாக எடுத்துக்கொண்ட கிழார்கள், வேட்டைக்கு என்று ஷெரீப்பை அழைத்துப்போய், கார்வக் குன்றில் கொதித்துக்கொண்டிருந்த கொப்பரையில் தள்ளி, ஆளுக்கொரு கரண்டி குடித்தார்கள் என்பது மக்கள் வாய்க்கதை. அந்த இடத்தை ஷெரீப்பின் கொப்பரை என்றே இன்றும் சொல்கிறார்கள். கொப்பரையும் கரண்டியும் கதையில் மட்டும் வருபவை. மெல்வில் கொல்லப்பட்டதும், அதில் ஹியூ அர்பத்நாட்டுக்குப் பங்கு இருந்ததும் ஆவணத்தில் வருபவை. ஃபைஃப் பகுதியின் மக்டஃப் குலத்துக்கு உறவானவர்கள் கொலைக்குற்றத்திலிருந்து அடைக்கலம் பெறலாம் என்ற பழைய சலுகை ஒன்று உண்டு. 1421இல் அந்தச் சலுகையின் கீழ் ஹியூவும் கூட்டாளிகளும் மன்னிப்புப் பெற்ற பத்திரம் எஞ்சியிருக்கிறது.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதே குடும்பத்தின் பெயர் ஓர் அருமையான பொருளோடு சேர்ந்துவிட்டது. அர்பத்நாட் ஊர்க் கோயில் புனித டெர்னன் பெயரால் அமைந்தது. அதன் கருவறைப் பகுதி 1242இல் அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் சிபால்ட், ராபர்ட் அர்பத்நாட்டின் ஆதரவில் வழிபாட்டு நூல்களைக் கையால் எழுதி, வண்ணமும் பொன்னும் இட்டு அலங்கரித்தார். அவற்றுள் 1491இல் முடிந்த பூசைப் புத்தகம் தலையாயது. சமயச் சீர்திருத்தத்தின் போது ஸ்காட்லாந்தில் இவ்வகை நூல்கள் ஏறத்தாழ முழுவதும் அழிக்கப்பட்டன. ஸ்காட்லாந்துக்கே உரிய வழிபாட்டு முறைப்படி எழுதப்பட்டு முழுமையாகத் தப்பிய பூசைப் புத்தகம் இது ஒன்றே. கிழாரின் வீட்டில் குடும்பச் சொத்தாக 400 ஆண்டுகள் கிடந்ததுதான் அதைக் காப்பாற்றியது. இப்போது அது பெய்ஸ்லி நகர அருங்காட்சியகத்தின் உடைமை.

அந்தப் பழைய சமயத்தைத் துடைத்தெறிந்த சீர்திருத்தத்திலும் அர்பத்நாட்டுகள் முன்னணியில் நின்றார்கள். ஒரே பெயருடைய இருவர் அப்போது வாழ்ந்தார்கள். அலெக்சாண்டர் அர்பத்நாட் (1538–1583) ஆபர்டீன் கிங்ஸ் கல்லூரியின் முதல்வராகவும் ஸ்காட்லாந்து திருச்சபைப் பேரவையின் தலைவராகவும் இருந்த அறிஞர். இன்னொரு அலெக்சாண்டர் அர்பத்நாட் எடின்பரோவில் அச்சுக்கூடம் வைத்தவர். தாமஸ் பாசண்டைன் என்ற அச்சகருடன் கூட்டுச் சேர்ந்து, ஸ்காட்லாந்தில் அச்சான முதல் பைபிளைக் கொண்டுவந்தார். மூலதனம் திரட்ட அவர்கள் கண்ட வழி முன்பணம்: ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலிருந்தும் 5 ஸ்காட்லாந்து பவுன் முன்கூட்டியே வசூலிக்கப்பட்டது. 1576இல் புதிய ஏற்பாடு அச்சாகியது. அடுத்த ஆண்டே பாசண்டைன் இறந்துபோனார். வேலை இழுபட்டது, பணம் கட்டியவர்கள் பொறுமை இழந்தார்கள். 1579இல்தான் முழு நூலும் அர்பத்நாட்டின் கையிலிருந்து வெளிவந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம், குறிப்பிட்ட அளவு வசதியுள்ள ஒவ்வொரு குடும்பத்தாரும் வீட்டில் பைபிள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அர்பத்நாட் மன்னரின் அச்சகராகவும் நியமிக்கப்பட்டார். ஜார்ஜ் புக்கானனின் புகழ்பெற்ற ஸ்காட்லாந்து வரலாற்றை 1582இல் அச்சிட்டவரும் இவரே.

1641இல் முதலாம் சார்லஸ் மன்னர் குடும்பத் தலைவருக்கு வைகவுண்ட் பட்டம் வழங்கினார். அந்தப் பட்டம் இன்றுவரை நீடிக்கிறது. பட்டம் பெற்ற மூத்த கிளை ஆங்கிலத்தில் பெயரின் ஈற்றில் இரண்டு ‘டி’ எழுதுகிறது. பிற கிளைகள் பெரும்பாலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்கின்றன. மூத்த கிளை நிலத்தோடு இருந்துவிட்டது. பெயரை உலகறியச் செய்தவர்கள், நிலம் கிடைக்காத இளைய கிளையினர்தான்.

அவர்களுள் அறிவால் உயர்ந்தவர் டாக்டர் ஜான் அர்பத்நாட். 1667இல் அர்பத்நாட் ஊரில் பிறந்தவர். தந்தை அந்த ஊர்ப் பாதிரியார். 1688ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு வந்த புதிய திருச்சபை ஏற்பாட்டை ஏற்க மறுத்ததால் தந்தை வேலை இழந்து, 1691இல் இறந்தார். பிள்ளைகள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். ஜான் லண்டனுக்குப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். சூதாட்டத்தில் வாய்ப்புகளைக் கணக்கிடுவது பற்றி டச்சு அறிஞர் ஹொய்கன்ஸ் எழுதிய நூலை 1692இல் ஆங்கிலத்தில் தந்தார். பிறகு மருத்துவம் படித்து, 1705இல் ஆன் அரசியின் மருத்துவர்களுள் ஒருவரானார்.

1710இல் அவர் ராயல் சொசைட்டிக்கு அளித்த சிறு கட்டுரை புள்ளியியலின் வரலாற்றில் தனி இடம் பெற்றது. லண்டனில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் ஆண், பெண் எனப் பிரித்து எழுதிவைத்திருந்தார்கள். 1629 முதல் 1710 வரையான 82 ஆண்டுக் கணக்கை அர்பத்நாட் எடுத்துக்கொண்டார். 1629இல் ஆண் 5,218, பெண் 4,683. 1710இல் ஆண் 7,640, பெண் 7,288. இடையில் உள்நாட்டுப் போர் வந்தது, கொள்ளைநோய் வந்தது, பெருந்தீ வந்தது. எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் மாறியது. ஆனால் 82 ஆண்டுகளில் ஓராண்டில்கூடப் பெண் குழந்தைகள் ஆண்களை மிஞ்சவில்லை. ஆணா பெண்ணா என்பது காசு சுண்டுவதுபோல் வெறும் தற்செயல் என்றால், ஏதாவது ஓர் ஆண்டில் ஆண்கள் மிகுவதற்கு வாய்ப்பு இரண்டில் ஒன்று. தொடர்ந்து 82 ஆண்டும் அப்படியே நேர, இரண்டில் ஒன்றை 82 முறை பெருக்க வேண்டும். கிடைப்பது, 25 இலக்கங்கள் கொண்ட ஒரு பேரெண்ணில் ஒரு பங்கு. அவ்வளவு அரிதான ஒன்று தற்செயலாக நேர்ந்தது என்று நம்ப இடமில்லை என்றார் அர்பத்நாட். ஆண்கள் வெளியே போய் ஆபத்துக்கு ஆளாவதால், அந்த இழப்பை ஈடுசெய்யக் கடவுளே கூடுதலாகப் படைக்கிறார் என்று முடிவு கட்டினார்.

அந்த முடிவைப் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆண் பிறப்புக்கான வாய்ப்பு 35இல் 18 என்று வைத்துக்கொண்டாலே கணக்கு இயல்பாகப் பொருந்திவிடும் என்று நிக்கோலஸ் பெர்னூலி எடுத்துக்காட்டினார். ஆனால் அர்பத்நாட் கையாண்ட முறை நிலைத்தது. ஒரு கருதுகோளை உண்மை என்று வைத்துக்கொள். அப்படியானால் கண்முன் உள்ள தரவு நேர எவ்வளவு வாய்ப்பு என்று பார். வாய்ப்பு மிக மிகக் குறைவானால் கருதுகோளைத் தள்ளு. இன்று ஒரு புதிய மருந்தைச் சோதிப்பவரும் பயிர் விளைச்சலை ஒப்பிடுபவரும் செய்வது இதைத்தான். இம்முறையை முதன்முதலாக எழுத்தில் பயன்படுத்தியவர் என்று புள்ளியியலார் அர்பத்நாட்டைக் குறிப்பிடுகிறார்கள்.

இதே மனிதர்தான் ஜான் புல் என்ற பாத்திரத்தையும் படைத்தார். பிரான்சுடன் இழுத்துக்கொண்டே போன போரை, வக்கீல்கள் மட்டும் கொழுக்கும் ஒரு நீண்ட வழக்காகக் காட்டி 1712இல் வரிசையாகச் சிறு நூல்கள் எழுதினார். அதில் இங்கிலாந்துக்காக வருபவர் ஜான் புல் என்ற ஜவுளி வணிகர்: நேர்மையானவர், முன்கோபி, நண்பர்களுக்குச் செலவு செய்யத் தயங்காதவர், தன் கணக்கைத் தானே பார்க்கத் தெரியாதவர். பிறகு 200 ஆண்டுகள் கேலிச்சித்திரக்காரர்கள் பிரிட்டனை வரைய வேண்டிய போதெல்லாம் தொப்பை பெருத்த ஜான் புல்லை வரைந்தார்கள். இந்தியப் பத்திரிகைகளிலும் அவர் வந்தார். படைத்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்விஃப்ட், போப், கே ஆகியோர் கூடிய இலக்கிய வட்டத்தில் அர்பத்நாட்டும் ஒருவர். தன் எழுத்தைச் சேர்த்துவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. பெயர் போடாமலே வெளியிட்டார். நண்பர்களின் நூல்களில் அவர் கருத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்தறிவது கடினம். 1714இல் அரசி இறந்ததும் அரண்மனைப் பதவி போயிற்று. 1735இல் அவர் இறக்கும் தறுவாயில் இருந்தபோது போப் அவருக்கென்று எழுதிய கவிதைக் கடிதம் வெளியானது. ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் அர்பத்நாட் என்ற பெயரை முதலில் சந்திப்பது பெரும்பாலும் அந்தக் கவிதையின் தலைப்பில்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து குடும்பத்தின் இளைய கிளைகள் பிரிட்டிஷ் பேரரசு போன இடமெல்லாம் போயின. அமெரிக்க விடுதலைப் போரில் மேரியட் அர்பத்நாட் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியாக இருந்து, 1780இல் சார்ல்ஸ்டன் நகரைப் பிடித்ததில் பங்கேற்றார். ஃபுளோரிடாவில் நடந்தது துயரமானது. மாண்ட்ரோஸ் ஊரில் பிறந்து பஹாமாஸ் தீவுகளிலிருந்து வியாபாரம் செய்த அலெக்சாண்டர் அர்பத்நாட், செமினோல் பழங்குடி மக்களுக்கு நியாயமான விலைக்குப் பொருள் விற்றார்; அவர்கள் நிலம் பறிபோவதை எதிர்த்து அவர்கள் சார்பில் பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். ஸ்பெயினுக்குச் சொந்தமான அந்தப் பகுதிக்குள் படையோடு புகுந்த அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் அவரைப் பிடித்து, இராணுவ விசாரணை நடத்தி, 1818 ஏப்ரல் 29 அன்று அவருடைய கப்பலின் பாய்மரத்திலேயே தூக்கிலிட்டார். அப்போது அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. அந்நிய மண்ணில் மூன்றாம் நாட்டுக் குடிமகனைக் கொன்றது சரியா என்று அமெரிக்கக் காங்கிரஸில் நீண்ட விவாதம் நடந்தது. ஜாக்சன் தண்டிக்கப்படவில்லை, பின்னாளில் குடியரசுத் தலைவரானார். எழுதத் தெரியாத மக்களுக்காகக் கடிதம் எழுதியதையே குற்றமாக்கி உயிரைப் பறித்த அந்த விசாரணை, எந்தச் சட்டத்தின்படி பார்த்தாலும் அநீதி.

சென்னைக்கு இரண்டு கிளைகள் வந்தன. ஒன்று வணிகம் செய்தது, மற்றொன்று ஆட்சி செய்தது. வணிகக் கிளை எடின்பரோவைச் சேர்ந்தது. அதன் மூத்தவர் வில்லியம் அர்பத்நாட், எடின்பரோ நகரத் தலைவர். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் அந்நகருக்கு வந்தபோது, விருந்து மண்டபத்திலேயே அவருக்கு பாரனெட் பட்டம் அறிவிக்கப்பட்டது. தம்பிகளுள் ராபர்ட், இலங்கை பிரிட்டிஷார் கைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், 1801 முதல் 1806 வரை அங்கே தலைமைச் செயலாளராக இருந்தார். இன்னொரு தம்பி ஜார்ஜ், சென்னையில் பிரான்சிஸ் லாத்தூர் தொடங்கியிருந்த வணிக நிறுவனத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அது அர்பத்நாட் கம்பெனி ஆயிற்று. பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று பெயர்களும் சென்னை வணிக உலகில் ஒருசேரச் சொல்லப்பட்டன. கப்பல் முகமை, ஏற்றுமதி, தோட்டம் என்று எல்லாவற்றிலும் கைவைத்திருந்த அந்த நிறுவனம், மக்களிடம் டெபாசிட் வாங்கும் வங்கியாகவும் நடந்தது.

ஆட்சிக் கிளை அயர்லாந்தில் குடியேறியது. அந்தக் கிளையில் சார்லஸ் அர்பத்நாட் (1767–1850) பிரிட்டிஷ் கருவூலச் செயலாளர். அவர் மனைவி ஹாரியட் எழுதிய நாட்குறிப்பு வெலிங்டன் பிரபுவின் காலத்து அரசியலை உள்ளிருந்து காட்டும் அரிய ஆவணம். ஹாரியட் 1834இல் இறந்தார். அதன்பின் சார்லஸ், நண்பரான வெலிங்டனின் வீட்டிலேயே தம் இறுதிக்காலத்தைக் கழித்தார். சார்லஸின் சகோதரர் அலெக்சாண்டர் கில்லலோ பிஷப்; அந்தப் பிஷப்பின் மகன் அலெக்சாண்டர் ஜான் அர்பத்நாட் (1822–1907) 1842இல் சென்னை மாகாண ஆட்சிப் பணிக்கு வந்தார். 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பிறகு ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வித் துறை உருவானபோது, சென்னையின் முதல் பொதுக் கல்வி இயக்குநர் இவர்தான். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலத்தில் மாகாணத்துப் பள்ளிகள் அவர் பொறுப்பில் இருந்தன. பிறகு தலைமைச் செயலாளர், ஆட்சிக்குழு உறுப்பினர், பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1872 பிப்ரவரியில் அந்தமானில் வைஸ்ராய் மேயோ குத்திக் கொல்லப்பட்டார். சென்னை ஆளுநர் நேப்பியர் தற்காலிக வைஸ்ராயாகக் கல்கத்தா போனதால், சில மாதம் சென்னையின் ஆளுநர் பொறுப்பும் அர்பத்நாட்டிடம் வந்தது. தாமஸ் மன்றோவின் குறிப்புரைகளைத் தொகுத்து, அவரது வாழ்க்கை வரலாற்றோடு 1881இல் வெளியிட்டவரும் இவரே. மன்றோவைப் பற்றி எழுதுவோர் இன்றும் அந்தத் தொகுப்பை எடுத்துப் பார்க்கிறார்கள்.

அவர் வரலாற்றில் ஒரு கரும்புள்ளியும் உண்டு. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை வைஸ்ராயின் அவையில் கொண்டுவந்தவர் அவர். ஆங்கிலப் பத்திரிகைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வங்காளியில் எழுதினால் பொருந்தும். மக்களுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் துறையை உருவாக்கிய ஒருவர், படித்தவர்கள் தம் மொழியில் எழுதியதைக் கண்டு அஞ்சிய அரசுக்குக் கருவியானார். 1882இல் ரிப்பன் பிரபு அச்சட்டத்தை நீக்கினார்.

பம்பாயில் இருந்த ஃபார்ஸ்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் அர்பத்நாட் (1833–1901) எடின்பரோ வில்லியமின் பேரன். பம்பாய் கலெக்டராகப் பணியாற்றியவர். ரிச்சர்ட் பர்ட்டனுடன் சேர்ந்து 1883இல் காமசூத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். சமஸ்கிருத மூலத்தோடு உண்மையில் மல்லுக்கட்டியவர்கள் பகவான்லால் இந்திரஜி போன்ற இந்தியப் பண்டிதர்கள். அவர்கள் பெயர் அட்டையில் ஏறவில்லை.

சென்னையின் அர்பத்நாட் கம்பெனி 19ஆம் நூற்றாண்டு முழுதும் ஓங்கி நின்றது. ஓய்வூதியம் வாங்கும் அதிகாரிகள், வக்கீல்கள், ஜமீன்தார்கள், கணவனை இழந்த பெண்கள், அறக்கட்டளைகள் என்று எல்லோரும் அங்கே பணம் போட்டார்கள். சென்னை வங்கியைவிட வட்டி அதிகம் கிடைத்தது ஒரு காரணம். பெயர்மேல் இருந்த நம்பிக்கை அதைவிடப் பெரிய காரணம். வெள்ளைக்காரக் கம்பெனி, நூறு ஆண்டுப் பழமை, ஆளுநர் மாளிகையில் செல்வாக்கு. அது பங்குதாரர்கள் சிலரின் கூட்டு வணிகம். கணக்கை யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்கவும் எவருக்கும் தோன்றவில்லை. கடைசிக் காலத்தில் அதன் தலைவர் ஜார்ஜ் கஃப் அர்பத்நாட். எடின்பரோ வில்லியமின் பேரன், தாய்வழியில் ஃபீல்ட் மார்ஷல் கஃபின் பேரன், வணிகச் சங்கத் தலைவராக இருந்தவர், சர் பட்டம் பெற்றவர்.

நிறுவனத்தின் லண்டன் கிளையாக இயங்கியது பேட்ரிக் மெக்ஃபேடியனின் நிறுவனம். சென்னையில் சேர்ந்த டெபாசிட் பணம் கடல் கடந்து போய் ஊக வணிகத்தில் கரைந்தது. ஆண்டுக்கணக்கில் ஓட்டை பெருகிக்கொண்டே வந்தது. புதிய டெபாசிட்டைக் கொண்டு பழைய ஓட்டை அடைக்கப்பட்டது. 1906 அக்டோபர் 20, சனிக்கிழமை, மெக்ஃபேடியன் லண்டனில் சுரங்க ரயில் பாதையில் உயிரை மாய்த்துக்கொண்டார். திங்கட்கிழமை, அக்டோபர் 22 அன்று, சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவை அடைத்து, உயர் நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தது. பணம் வர வேண்டியவர்கள் சுமார் 7,000 பேர். கொடுக்க வேண்டிய தொகை 10 லட்சம் பவுன் அளவில். ஆயுள் முழுதும் சேர்த்ததை ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் தென்னாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருந்தன. அதிர்ச்சியில் ஆட்டம் கண்ட பின்னி கம்பெனி வேறு கைக்கு மாறிப் பிழைத்தது. 1907இல் சர் ஜார்ஜ் மீது குற்ற வழக்கு நடந்தது. அவருக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. வெள்ளையர் ஒருவர், அதுவும் சர் பட்டம் பெற்றவர், சென்னையில் சிறைக்குப் போனது ஊரையே உலுக்கியது.

தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளையின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது 1906 அக்டோபர் 16 அன்று. அர்பத்நாட் விழுந்தது ஆறாம் நாள். சுதேசி என்ற சொல் ஏற்கெனவே காற்றில் இருந்த அந்த வாரத்தில், பணத்தை நம்பிக் கொடுக்க நமக்கென ஒரு வங்கி வேண்டாமா என்ற கேள்விக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர், பணம் இழந்தவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர். அவரே நவம்பரில் கூட்டம் கூட்டினார். நகரத்தார் சமூகத்தின் ராமசாமி செட்டியார் போன்றவர்கள் மூலதனத்தோடு வந்தார்கள். வட்டித் தொழிலில் நகரத்தாருக்குத் தலைமுறை அனுபவம் உண்டு. வக்கீல்களுக்குச் சட்டம் தெரியும். இரண்டும் சேர்ந்தபோது காரியம் கைகூடியது. 1907 மார்ச் 5 அன்று இந்தியன் வங்கி பதிவானது. ஆகஸ்ட் 15 அன்று தொழில் தொடங்கியது. பங்கு நிறுவனமாக, ஆண்டுதோறும் கணக்கை வெளியிட வேண்டிய கடமையோடு அது பிறந்தது. அர்பத்நாட் கம்பெனியிடம் இல்லாமற்போனது அதுவே. அதே 1907இல் இளம் கவிஞர் பாரதியின் தேசியப் பாடல்களை அச்சிட்டு ஆயிரக்கணக்கில் இலவசமாக வழங்கியவரும் இந்தக் கிருஷ்ணசுவாமி ஐயர்தான். சென்னைக் கடற்கரைச் சாலையில் அர்பத்நாட் கம்பெனி இருந்த மனையில் பின்னர் இந்தியன் வங்கியின் தலைமையகம் எழுந்தது. லண்டனில் 1833இல் உறவினர் ஒருவர் லாத்தம் என்பவருடன் சேர்ந்து தொடங்கிய அர்பத்நாட் லாத்தம் தனி நிறுவனம். அந்த வங்கி இப்போதும் நடக்கிறது.

அடுத்த பேரழிவு கடலில் நேர்ந்தது. எடின்பரோ கிளையின் நான்காம் பாரனெட் ராபர்ட் அர்பத்நாட் பிரிட்டிஷ் கடற்படையின் ரியர் அட்மிரல். உடற்பயிற்சியிலும் கட்டுப்பாட்டிலும் வெறி கொண்டவர். 1916 மே 31 அன்று ஜட்லண்ட் போரில், சேதமடைந்த ஜெர்மன் கப்பல் ஒன்றைத் துரத்திக்கொண்டு எதிரியின் பெரும் படைக்கு மிக அருகே போய்விட்டார். அவருடைய டிஃபென்ஸ் கப்பல் வெடித்துச் சிதறியது. கப்பலில் இருந்த சுமார் 900 பேரில் ஒருவரும் தப்பவில்லை. துணிவு என்று பாராட்டியவர்கள் உண்டு. தலைவனின் அவசரத்துக்குப் படைவீரர் கொடுத்த விலை என்று பார்ப்பதே பொருத்தம்.

இதற்குள் அந்தப் பெயர் ஒரு வகை மனிதரைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. 1916இல் ஜான் பக்கன் எழுதிய உளவு நாவலில் சாண்டி அர்பத்நாட் என்ற வீரர் கீழை நாடுகளில் மாறுவேடத்தில் திரிகிறார். 1934இல் அகதா கிறிஸ்டியின் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் நாவலில் வரும் கர்னல் அர்பத்நாட், இந்தியாவிலிருந்து ஊர் திரும்பும் இராணுவ அதிகாரி. வாசகருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பெயரைக் கேட்டதுமே பேரரசின் அதிகாரி கண்முன் வந்துவிடுவார் என்று இரு எழுத்தாளர்களும் கணக்கிட்டிருக்கிறார்கள். நிஜமான அர்பத்நாட் ஊரைப் பற்றிய மகத்தான நாவலை எழுதியவர் அந்தப் பெயரைத் தாங்கியவர் அல்லர். லூயிஸ் கிராசிக் கிப்பன் என்ற புனைபெயரில் எழுதிய ஜேம்ஸ் லெஸ்லி மிட்செல், அந்த வட்டாரத்துச் சிறு விவசாயி ஒருவரின் மகன். 1932இல் வந்த அவரது ‘சன்செட் சாங்’ அந்தச் செம்மண்ணையும் அதில் உழைத்தவர்களையும் ஸ்காட்லாந்து இலக்கியத்தில் நிலைநிறுத்தியது. 1935இல் 33 வயதில் இறந்த அவருடைய அஸ்தி அர்பத்நாட் கோயில் தோட்டத்தில் புதைக்கப்பட்டது.

அமெரிக்காவில் இந்தப் பெயர் குழந்தைகள் இலக்கியத்தோடு சேர்ந்துபோனது. ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் ஆசிரியப் பயிற்சியில் ஈடுபட்ட மே ஹில் (1884–1969), பொருளியல் பேராசிரியர் சார்லஸ் அர்பத்நாட்டை மணந்து மே ஹில் அர்பத்நாட் ஆனார். 1947இல் அவர் எழுதிய ‘குழந்தைகளும் புத்தகங்களும்’ என்ற நூல் அமெரிக்க நூலகர்களுக்குப் பல பதிப்புகளாகப் பாடநூலாக இருந்தது. எழுத்தறிமுகத்துக்கு லட்சக்கணக்கான அமெரிக்கக் குழந்தைகள் படித்த டிக், ஜேன் வாசகப் புத்தகங்களிலும் அவர் பங்கு உண்டு. அவர் பெயரால் 1969இல் நிறுவப்பட்ட சொற்பொழிவை அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தைகள் பிரிவு 2020 வரை அந்தப் பெயரில் நடத்திவந்தது.